கேள்வி - பதில்: இங்கிலீஷ் யார் வீட்டுச் சொத்து?

போன இதழில் ஒரு வாசகருக்கு, "ஆங்கிலம் இப்போது ஆங்கிலேயர்களுடையது இல்லை" என்று ஒற்றை வரியில் பதில் எழுதிவிட்டு நிம்மதியாக இருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களிலேயே இந்த வாரப் பக்கம் நிரம்பிவிட்டது. சரி, வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.

கல்லூரி மாணவி, ஈரோடு: மொத்தமே 26 எழுத்து. கற்க எளிது என்பதால்தானே ஆங்கிலம் உலகமெல்லாம் பரவியது?

எளிதா? 'காஃப்' (cough), 'தோ' (though), 'த்ரூ' (through), 'பவ்' (bough) இந்த நாலு சொல்லுக்கும் கடைசியில் வருவது ஒரே ஓ-யு-ஜி-எச் தான், வாயில் வருவது நாலு விதம். 1476இல் காக்ஸ்டன் இங்கிலாந்துக்கு அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்த பிறகு எழுத்து மெல்ல மெல்ல உறைய ஆரம்பித்தது, பேச்சு பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. அந்தப் பாவத்தை நம் ஊர் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் இம்போசிஷன் எழுதித் தீர்க்கிறார்கள்.

எளிமைக்கும் பரவலுக்கும் சம்பந்தமே இல்லை. 1066இல் நார்மன்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு ஏறக்குறைய 300 வருஷம் அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சுதான் கோலோச்சியது. ஆங்கிலம் குடியானவன் பேச்சு. தொழுவத்தில் நிற்கும்வரை 'கௌ', தட்டில் வந்து விழுந்ததும் 'பீஃப்'. மேய்த்தவன் சொல் ஒன்று, தின்றவன் சொல் இன்னொன்று. வழக்கை ஆங்கிலத்தில் வாதாட வேண்டும் என்று 1362இல் ஒரு சட்டம் போட்டார்கள், அந்தச் சட்டத்தை எழுதியதே பிரெஞ்சில்தான் என்பது தனிக் கூத்து.

அப்புறம் கப்பல் வந்தது, காலனி வந்தது, அது தெரிந்த கதை. ஆனால் 20ஆம் நூற்றாண்டு பிறந்தபோதுகூட தூதர்கள் மொழி பிரெஞ்சு, வேதியியலில் பெரிய ஆளாக வேண்டுமென்றால் ஜெர்மன் படிக்க வேண்டும். முதல் உலகப்போர் முடிந்ததும் ஜெர்மன் விஞ்ஞானிகளை மற்ற நாட்டவர் மாநாடுகளுக்குக் கூப்பிடாமல் ஒதுக்கினார்கள். 1933க்குப் பிறகு ஹிட்லர் தன் நாட்டு யூத விஞ்ஞானிகளைத் தானே விரட்டினார். அவர்களில் நிறையப் பேர் அமெரிக்காவில் போய் உட்கார்ந்து ஆங்கிலத்தில் எழுத ஆரம்பித்தார்கள். ஆக, பிரிட்டன் இளைத்துப்போன நேரத்தில் அமெரிக்கா அந்த மொழியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டது. இதில் 26 எழுத்துக்கு என்ன வேலை?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருவையாறு: 'கேஷ்' என்பதே நம் 'காசு'தானே? பிறகு ஆங்கிலத்தைக் கண்டு நாம் ஏன் கூச வேண்டும்?

ஐயா, கோபிக்கக் கூடாது. கையில் எண்ணிக் கொடுக்கிற 'கேஷ்' பணப்பெட்டியைக் குறிக்கிற பிரெஞ்சு, இத்தாலியச் சொல் வழியாக வந்தது. நம் காசிலிருந்து போனது வேறொரு 'கேஷ்', கிழக்கே புழங்கிய சின்ன நாணயங்களுக்கு ஐரோப்பியர்கள் வைத்த பெயர். இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால் வாட்ஸப்பில் ஒன்றாகிவிட்டது. சந்தேகமே இல்லாமல் நம்முடையது வேண்டுமா, ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' ஆன கட்டுமரம் இருக்கிறது, 'ஷெரூட்' ஆன சுருட்டு இருக்கிறது, 'முல்லிகடானி' ஆன மிளகுத்தண்ணி இருக்கிறது. ஆனால் கட்டைகளைச் சேர்த்துக் கட்டிய நம் கட்டுமரம் அங்கே போய் இரட்டை உடல் கொண்ட சொகுசுப் படகாகிவிட்டது. நம் மீனவர் யாரும் அதைப் பார்த்துக் கட்டுமரம் என்று சொல்ல மாட்டார்.

வாசகர், தஞ்சாவூர்: வெள்ளைக்காரன் ஆண்ட இடத்தில் ஆங்கிலம் இருப்பது புரிகிறது. அவன் ஆளாத நாட்டிலுமா?

ருவாண்டாவைப் பாருங்கள். முதலில் ஜெர்மனி, பிறகு பெல்ஜியம் ஆண்ட நாடு. வீட்டில் கிட்டத்தட்ட எல்லோரும் பேசுவது கின்யருவாண்டா, பள்ளிக்கூடத்தில் மேல்வகுப்புப் பாடம் பிரெஞ்சு. 1994 இனப்படுகொலைக்குப் பிறகு ஆட்சிக்கு வந்தவர்களில் பலர் உகாண்டாவில் அகதிகளாக வளர்ந்து ஆங்கிலத்தில் படித்தவர்கள். பழைய ஆட்சிக்குத் துணைநின்ற பிரான்ஸ் மேல் கோபம் வேறு. 2008இல் பாடமொழி இனி ஆங்கிலம் என்று அறிவித்தார்கள், அடுத்த வருஷமே பெரும்பாலும் பிரிட்டனின் பழைய காலனிகள் கூடியிருக்கும் காமன்வெல்த்திலும் சேர்ந்துவிட்டார்கள். அதுவரை பிரெஞ்சில் கணக்கு நடத்திக்கொண்டிருந்த வாத்தியார் கொஞ்ச நாளில் ஆங்கிலத்தில் நடத்த வேண்டும், அவருக்கே ஆங்கிலம் தெரியாது. மொழிக்கொள்கை பற்றி மேடையில் பேசுகிறவர்கள் அந்த வாத்தியாரை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்கலாம்.

ஒரு தாய், விருதுநகர்: மகன் பைலட் ஆக வேண்டும் என்கிறான். படித்தது முழுக்கத் தமிழ்வழி. கான்வென்ட் இங்கிலீஷ் இல்லாமல் முடியுமா?

அம்மா, இந்தக் கேள்விக்குத்தான் இந்த வாரம் அதிக இடம். ஐகாவோ என்கிற சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு ஆங்கிலத் திறமைக்கு ஆறு படிகள் வைத்திருக்கிறது, 2008 மார்ச்சிலிருந்து நடைமுறையில். சர்வதேசப் பாதையில் பறக்க நாலாவது படி போதும். உச்சரிப்பில் தாய்மொழிச் சாயல் இருக்கலாம், இலக்கணம் சில இடத்தில் சறுக்கலாம், சொல்லவந்த பொருள் கெடக் கூடாது, அவ்வளவுதான் எதிர்பார்க்கிறார்கள். வானத்தில் பேசுகிற ஆங்கிலத்தைக் கான்வென்டில் பேசினால் மிஸ் பிரம்பை எடுப்பார். 'த்ரீ' கிடையாது, 'ட்ரீ'. 'ஃபைவ்' கிடையாது, 'ஃபைஃப்'. ஒன்பது 'நைனர்', இல்லாவிட்டால் இரைச்சலில் ஐந்தும் ஒன்பதும் ஒன்றுபோலக் கேட்கும். நம் பிள்ளைகள் 'த்ரீ'யை 'ட்ரீ' என்று சொன்னால் சிரிக்கிறார்களே, அங்கே அதுதான் சரி.

இந்தக் கறார் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு நாளைச் சொன்னால் போதும். 1977 மார்ச் 27, ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனரீஃப் தீவு, விமான நிலையத்தில் கண் தெரியாத மூடுபனி. டச்சு விமானம் ஒன்று, அமெரிக்க விமானம் ஒன்று, இரண்டும் ஜம்போ, இரண்டும் ஒரே ஓடுபாதையில். விமானங்களுக்கு அனுமதி கொடுக்கிற கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவர் ஸ்பானியர். டச்சு கேப்டன் அனுமதி வராமலே விமானத்தைக் கிளப்ப ஆரம்பித்துவிட்டார், அதுதான் பெரிய தப்பு. ஆனால் அதே நேரத்தில் துணை விமானி வானொலியில் சொன்னது, "வீ ஆர் நௌ அட் டேக்-ஆஃப்". கிளம்பிக்கொண்டிருக்கிறோம் என்பது அவர் மனதில் இருந்தது, டச்சு வாக்கியம் ஆங்கில உடுப்பு போட்டு வந்துவிட்டது என்று மொழியியல்காரர்கள் சிலர் விளக்குகிறார்கள். கோபுரத்தில் இருந்தவரோ, கிளம்ப வேண்டிய இடத்தில் தயாராக நிற்கிறார்கள் என்று புரிந்துகொண்டு "ஓகே" என்றார். பிறகு, நில்லுங்கள், நான் கூப்பிடுகிறேன் என்றும் சொன்னார். அந்த நொடியில்தான் அமெரிக்கர்களும் பேசினார்கள், இரண்டு குரலும் மோதி டச்சு விமானத்தில் கீச்சென்று ஒரு சத்தம். தெளிவாகக் கேட்டது "ஓகே" மட்டும். இரண்டு விமானமும் மோதி 583 பேர் இறந்தார்கள்.

அதற்குப் பிறகு 'டேக்-ஆஃப்' என்ற சொல்லையே பூட்டி வைத்துவிட்டார்கள். கிளம்பு என்று அனுமதி தரும்போதும், அந்த அனுமதியை ரத்து செய்யும்போதும் மட்டும்தான் அது வாயில் வரலாம். மற்ற எல்லா நேரத்திலும் 'டிபார்ச்சர்'. ஆகவே அம்மா, பையன் கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லவும், புரியாவிட்டால் கூச்சப்படாமல் 'சே அகெய்ன்' என்று கேட்கவும் பழகட்டும். கான்வென்ட் பிள்ளைகளில் பலருக்கு இரண்டாவதுதான் வராது.

வாசகர், திருப்பூர்: பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போய்விட்டதே, அங்கே ஆங்கிலத்தையும் மூட்டை கட்டிவிட்டார்களா?

இல்லை, இன்னும் ஆட்சிமொழிப் பட்டியலில் இருக்கிறது. ஆங்கிலம் புழங்குகிற அயர்லாந்தும் மால்டாவும்கூடத் தங்கள் மொழி என்று ஒன்றியத்துக்குக் கொடுத்தது ஐரிஷும் மால்டீஸும்தான். அதாவது எந்த நாடும் 'இது என் மொழி' என்று எழுதிக் கொடுக்காத மொழியில்தான் அங்கே பாதிப் பேச்சு ஓடுகிறது. வீட்டுக்காரர் காலி செய்துவிட்டார், குடித்தனக்காரர்கள் இருக்கிறார்கள்.

வாசகி, மதுரை: ஊருக்கெல்லாம் சொல்கிறீர்கள். ஆங்கிலத்தில் பேசும்போது உங்களுக்கு உதறல் உண்டா?

உண்டு. கொஞ்ச வருஷம் முன்னால் ஒரு மொழிபெயர்ப்பு வேலைக்காக வீடியோ மீட்டிங். ஒரு கொரியாக்காரர், ஒரு பிரேசில் பெண், நான், நடத்துகிறவர் இங்கிலாந்துக்காரர். நாங்கள் மூன்று பேரும் உடைந்த ஆங்கிலத்தில் அரை மணிநேரம் ஜோராக வேலையை முடித்துக்கொண்டிருந்தோம். கடைசியில் அவர் வாய் திறந்து, இந்த ஒப்பந்த விஷயத்தில் நாம் 'ஸ்டிக்கி விக்கெட்'டில் நிற்கிறோம் என்றார். மற்ற இருவர் முகத்திலும் ஈயாடவில்லை. கிரிக்கெட் பைத்தியம் பிடித்த ஊரில் பிறந்த ஒரே காரணத்தால் எனக்கு மட்டும் புரிந்தது. நிலைமை சிக்கலாக இருக்கிறது என்கிறார் என்று சாட்டில் தட்டினேன். கொரியாக்காரர் உடனே கேட்டார், விக்கெட் ஏன் ஒட்டுகிறது? மழையில் நனைந்த ஆடுகளம் வெயிலில் காயும்போது பந்து என்ன செய்யும் என்று தட்ட ஆரம்பித்து, மூன்று வரியில் இலக்கணம் மூச்சு வாங்கியது. அழித்துவிட்டு 'மழை' என்று மட்டும் அனுப்பினேன்.