எஞ்சினைப் பிரிக்கும் முன் நோட்டீஸ் அனுப்புங்கள்

கேள்வி: பழைய வண்டி வாங்கி விற்கும் டீலர் ஒருவரிடம் பதினோரு வருடப் பழைய டீசல் பிக்கப் வாங்கினேன். "எஞ்சின் வேலை இப்போதுதான் முடிந்தது, கியர்பாக்ஸில் கையே வைக்க வேண்டாம்" என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியிருந்தார். காலி வண்டியை ஓட்டிப் பார்த்தேன், நன்றாகவே இருந்தது. மூன்றே வாரத்தில், லோடு ஏற்றினால் மூன்றாவது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வருகிறது. நீலப் புகை தள்ளுகிறது, ஆயிலும் குடிக்கிறது. எஞ்சினை இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். "உள்ளது உள்ளபடி வாங்குகிறேன்" என்று கையெழுத்துப் போட்டிருப்பதைக் காட்டி டீலர் பேசவே மறுக்கிறார். இந்த வண்டியை நானே ஓட்டித்தான் பிழைக்கிறேன். வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் முதலில் மெக்கானிக்கிடம் ஸ்பேனரைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். எஞ்சினைப் பிரித்து, ரிங் (பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம்) மாற்றி, பழைய பாகங்களைக் காயலான் கடைக்கு அனுப்பிவிட்டு பில்லோடு வருகிறவர்கள் அதிகம். பில் செலவைத்தான் காட்டும். வண்டி கைமாறிய நாளில் எஞ்சின் எப்படி இருந்தது என்பதைக் காட்டாது.

அந்தக் கையெழுத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சரக்கு விற்பனைச் சட்டம், 1930 பிரிவு 16 டீலர் மீது சுமத்தும் தரப் பொறுப்பை பிரிவு 62-இன்படி ஒப்பந்தத்தால் விலக்க முடியும், அது உண்மைதான். ஆனால் டீலர் தன் வாயால் கொடுத்த உறுதியை அந்த வரி அழித்துவிடாது. நடக்காத வேலையை நடந்ததாகத் தெரிந்தே சொல்லியிருந்தால் இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872 பிரிவு 17-இன்படி அது மோசடி.

உங்கள் வழக்கின் உயிர் "எஞ்சின் வேலை இப்போதுதான் முடிந்தது" என்ற அந்த வாக்கியம்தான், ஏனென்றால் அதைச் சோதித்துப் பார்க்க முடியும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. தேய்ந்த ரிங், லைனர் (பிஸ்டன் ஓடும் உருளையின் உட்சுவர்), வால்வ் சீல், டர்போ என எது வேண்டுமானாலும் காரணமாகலாம். எஞ்சினைத் திறக்கும்போது ரிங்குகள் தேய்ந்து, லைனரின் மேல்விளிம்பில் விரலில் தட்டுப்படும் அளவுக்குப் படி விழுந்திருந்தால் சொன்ன வேலை நடக்கவில்லை என்று தெரிந்துவிடும். கெட்டியான ஆயில் ஊற்றிப் புகையையும் சத்தத்தையும் கொஞ்ச நாள் அடக்கி வைப்பது பழைய தந்திரம். அதனால் இப்போதிருக்கும் ஆயிலிலும் மாதிரி எடுத்து மூடி வையுங்கள்.

கியர்பாக்ஸ் விஷயம் சற்று பலவீனமானது. இத்தனை வயதான வண்டியில் கியர் கழல்வது சாதாரணத் தேய்மானம் என்று டீலர் வாதிடுவார், நுகர்வோர் ஆணையமும் புது வண்டியின் தரத்தை எதிர்பார்க்காது. "ஓட்டிப் பார்த்துத்தானே வாங்கினீர்கள்" என்றும் கேட்பார். காலி வண்டியில் தெரியாமல் லோடில் மட்டும் தெரிகிற குறை அது என்பதுதான் உங்கள் பதில்.

சரி, செய்ய வேண்டியது இது. குறைகளை எழுதி, குறிப்பிட்ட நாளில் நேரில் வந்து பார்க்கும்படியும் "முடிந்த" வேலைக்கான பில்லைக் கொண்டுவரும்படியும் டீலருக்கு டெலிவரிச் சான்றோடு ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். வந்தாலும் வராவிட்டாலும், தொடர்பில்லாத ஒரு ஆட்டோமொபைல் பொறியாளர் முன்னிலையில் எஞ்சினைத் திறந்து வீடியோ எடுத்து, எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். கழற்றிய பாகங்கள் எல்லாம் உங்களிடமே இருக்கட்டும். குரல் பதிவு உள்ள போனை விற்கவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். அதைச் சாட்சியமாக்க பாரதிய சாக்ஷிய அதிநியம் (இப்போதைய சாட்சியச் சட்டம்) பிரிவு 63-இன்படி சான்றிதழ் தேவைப்படும்.

அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். "வணிக வண்டி, நீங்கள் நுகர்வோரே இல்லை" என்று டீலர் நிச்சயம் சொல்வார். சுயதொழிலில் பிழைப்புக்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துவதை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 வணிக நோக்கமாகக் கருதுவதில்லை, எனவே நீங்களே ஓட்டுகிறீர்கள் என்பதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். கெடு 2 ஆண்டுகள். வண்டிக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை.

வண்டியைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணமும் கேட்பதானால் இன்றோடு லோடு ஓட்டுவதை நிறுத்துங்கள். குறை தெரிந்த பிறகும் ஓட்டினால், வண்டியை ஏற்றுக்கொண்டதாகவே பார்ப்பார்கள். நிறுத்தினால் பிழைப்பு நடக்காது என்றால், மேலே சொன்னபடி பதிவு செய்து முடித்த பிறகு வண்டியைச் சரிசெய்து, பழுதுச் செலவையும் வண்டி நின்ற நாட்களின் வருமான இழப்பையும் கேளுங்கள். உங்கள் நிலையில் நான் இரண்டாவதைத்தான் கேட்பேன்.