டாக்டர் கேட்டால் ‘நன்றாக இருக்கிறேன்’ என்கிறார்!

கேள்வி: என் மாமியாருக்கு 66 வயது. சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. மாதம் ஒருமுறை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறேன். ஓ.பி. சீட்டுப் போட்டு, வரிசையில் காத்திருந்து உள்ளே போனால், “நன்றாக இருக்கிறேன் ஐயா, மாத்திரை தீர்ந்துவிட்டது” என்று எழுந்துவிடுகிறார். வீட்டுக்கு வந்ததும் தலைசுற்றுகிறது, கால் எரிகிறது என்று புலம்புகிறார். குறுக்கே நான் பேசினால் கோபம் வருகிறது. என்ன செய்வது?
– வாசகி, மன்னார்குடி

பதில் (ஓய்வுபெற்ற செவிலியர்): சகோதரி, புறநோயாளிகள் பிரிவில் நான் பணியாற்றிய காலம் முழுவதும் இதைப் பார்த்திருக்கிறேன். டாக்டர் முன்னால் வாய் திறக்காதவர்கள், மருந்து வாங்கும் வரிசையில் பக்கத்தில் நிற்பவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடுவார்கள். பின்னால் இத்தனை பேர் நிற்கிறார்களே என்ற தயக்கம் அவர்களுக்கு. உங்கள் மாமியாருக்கும் அதுவாகத்தான் இருக்கும். கோபித்துக்கொள்ளாதீர்கள். முதல்நாள் இரவே அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல ஒரு தாளில் எழுதுங்கள். மூன்று வரி போதும். எது அவரை அதிகம் வாட்டுகிறதோ அது முதல் வரி. உள்ளே போனதும் மாத்திரைப் பேச்சுக்கு முன்பே அதைச் சொல்லச் சொல்லுங்கள்.

‘தலைசுற்றல்’ என்று மட்டும் எழுதாதீர்கள். எப்போது வருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. படுக்கையைவிட்டு எழும்போது கண் இருட்டிக்கொண்டு வருகிறதா? ரத்த அழுத்த மாத்திரையின் அளவை டாக்டர் யோசிப்பார். சாப்பாடு தள்ளிப்போகும்போது வியர்வை, கைநடுக்கத்தோடு வருகிறதா? சர்க்கரை தாழ்ந்திருக்கலாம். (அந்த நேரத்தில் அவர் நினைவோடு இருந்தால் உடனே சர்க்கரை கரைத்த தண்ணீர் கொடுங்கள், அடுத்த ஓ.பி. வரை காத்திருக்கக் கூடாது.) படுக்கையில் புரளும்போது அறையே சுழல்கிறதா? காதில் கோளாறு இருக்கலாம். மூன்றுக்கும் மருத்துவம் வேறு வேறு. எரிச்சலும் அப்படியே: பாதத்திலா, கெண்டைக்காலிலா, இரவில் கூடுகிறதா, நடக்கும்போது செருப்பு கழன்றுபோவது தெரிகிறதா என்று கேளுங்கள். செருப்பு கழன்றது தெரியவில்லை என்றால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். நரம்பில் உணர்ச்சி குறைந்திருப்பதன் அடையாளம் அது.

மாத்திரைகளை அட்டையோடு ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். ‘வெள்ளை மாத்திரை, சின்ன மாத்திரை’ என்றால் யாருக்கும் புரியாது. கடையில் அட்டையை வெட்டித் தரும்போது மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் வெட்டுப்பட்டுப் போகின்றன. பெயர் உள்ள துண்டைக் கேட்டு வாங்குங்கள். மூட்டுவலிக்கென்று தானாக வாங்கிப் போடும் மாத்திரை, நாட்டு மருந்து, சூரணம் எல்லாம் அந்தப் பையில் இருக்கட்டும். டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் ரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். திட்டுவார்களோ என்று பயந்து இதை மறைப்பவர்கள்தான் அதிகம். அது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம்.

சிலர் சர்க்கரைப் பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பிருந்து இனிப்பைத் தொடாமல் இருப்பார்கள். எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை ஏறத்தாழ மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டிவிடும். அதற்கு இந்த இரண்டு நாள் பத்தியம் பயன்படாது. வழக்கம்போலவே சாப்பிடட்டும். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கும் நாளில் எந்த மாத்திரையைப் போடலாம், எதைத் தள்ளிப்போட வேண்டும் என்பதை முந்தைய முறையே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டுப் பட்டினியோடு வரிசையில் நிற்பது ஆபத்து. ரத்த அழுத்தம் பார்ப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபி, டீ வேண்டாம். ஐந்து நிமிடமாவது பேசாமல் உட்கார்ந்திருக்கட்டும்.

எழுந்து வருமுன், டாக்டர் சொன்னதை உங்கள் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள்: “இது காலையில் சாப்பாட்டுக்கு முன், இது இரவில், சரிதானே?” தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் அங்கேயே திருத்திவிடுவார்.

இன்னொன்று. சர்க்கரை உள்ள பெண்களுக்குப் பிறப்புறுப்பில் அரிப்பு, அடிக்கடி சிறுநீர்த் தொற்று வருவது உண்டு. மருமகள் முன்னாலும் ஆண் டாக்டரிடமும் அதைச் சொல்ல அவருக்குக் கூச்சம் இருக்கலாம். அடுத்த முறை போகும்போது அங்குள்ள செவிலியரிடம் அவரைத் தனியாகப் பேசவிட்டு, நீங்கள் சற்று வெளியே நில்லுங்கள்.