டுரியான் தோட்டத்து அத்தாப்புக் குடில்: விடியற்காலைக் காற்றுக்குப் பிறகு எதைச் சோதிக்க வேண்டும்?

கேள்வி இதுதான்: பினாங்கில் பாலிக் புலாவ் பக்கம் டுரியான் தோட்டத்தில் சுவரில்லாத அத்தாப்புக் குடில். விடியற்காலையில் பலத்த காற்றும் மழையும். உள்ளே ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. அப்படியிருந்தும் கூரையைப் பார்க்க வேண்டுமா, மேலே ஏற வேண்டுமா?

பார்க்க வேண்டும். கூரைமேல் ஏறக் கூடாது.

ஒழுகவில்லை என்பதை வைத்து முடிவு கட்டாதீர்கள். நீப்பா ஓலையைக் குச்சியில் மடித்துத் தைத்த தட்டிகளைத்தான் அத்தாப்பு என்கிறோம். அந்தக் குச்சிக்குப் பெங்காவான் என்று பெயர். ஓலை ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் தொங்கும். வரிசைக்கு வரிசை 10 சென்டிமீட்டர் இடைவெளி விட்டுக் கட்டியிருந்தால், கூரையில் எந்த இடத்தைத் தொட்டாலும் ஆறு அடுக்கு ஓலை இருக்கும். காற்றில் ஒரு தட்டி சரிந்தாலும் மீதி ஐந்து அடுக்கு மழையைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் சரிந்த இடத்தில் தண்ணீர் தங்கி, அடியிலுள்ள ஓலை ஈரத்திலேயே கிடந்து அழுகும். ஒழுக்கு உங்கள் கண்ணில் படும்போது நாலைந்து வரிசை கெட்டிருக்கும். அதனால் சோதிக்க வேண்டியது ஒழுக்கை அல்ல, கட்டுகளை. கட்டு இருப்பது உள்பக்கத்தில்.

குடிலுக்குள் போகுமுன் சுற்றி ஒருமுறை நடந்து வாருங்கள். விளக்கு, காற்றாடிக்கு வயர் இழுத்திருந்தால் முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். கம்பத்திலிருந்து வரும் ஒயர் அறுந்து கிடந்தாலோ கூரைமேல் சாய்ந்திருந்தாலோ கிட்டே போகாமல் 15454க்கு அழைத்து மின்சார நிறுவனமான தெனாகாவிடம் சொல்லுங்கள். அண்ணாந்து மரங்களையும் பாருங்கள். மழையில் ஊறிய மலைச்சரிவு மண்ணில் காற்று நின்ற பிறகும் மரம் சாயும். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கில் பெய்த பேய்மழையில் எத்தனை மரங்கள் விழுந்தன என்பது இங்கே உள்ளவர்களுக்கு மறந்திருக்காது. அப்படியே எதையும் தொடுமுன் நான்கு பக்கமும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காப்புறுதி கோருவதாக இருந்தால் தேவைப்படும். சாதாரணத் தீ காப்புறுதியில் புயற்காற்றுச் சேதம் தானாகச் சேராது, அதைத் தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். உங்கள் பத்திரத்தைப் படித்துப் பாருங்கள்.

எந்தப் பக்கத்தை முதலில் பார்ப்பது? காற்று அடித்த பக்கத்தை என்று பலரும் நினைப்பார்கள். ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் வரும் சுமத்ரா காற்று மேற்கிலிருந்து, மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும். மேற்குச் சரிவை அது அழுத்தும். முகட்டைத் தாண்டியதும் கிழக்குச் சரிவை மேலே உறிஞ்சி இழுக்கும். அழுத்தத்தை அத்தாப்பு தாங்கும், இழுப்பைத்தான் தாங்காது. சுவரில்லாத குடில் என்பதால் உள்ளே புகுந்த காற்றும் கீழிருந்து தூக்கும். ஆகவே கிழக்குச் சரிவின் மேல் பாதி, முகடு, இரண்டு பக்கவாட்டு விளிம்புகள், மூலைகள், இந்த இடங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தள்ளி நின்று கைப்பேசிக் கேமராவைப் பெரிதாக்கிப் பாருங்கள். முகட்டுக் கோடு நேராக ஓட வேண்டும். நடுவில் பள்ளம் விழுந்திருந்தால் அடியில் கைமரம் விரிசல் விட்டிருக்கலாம். முகட்டு ஓலையைக் குத்திப் பிடித்திருக்கும் மூங்கில் ஊசிகளை எண்ணுங்கள். ஒன்று வெளியே நழுவியிருந்தாலும் அடுத்த காற்றில் முகடு முழுவதும் பிரிந்துவிடலாம்.

பிறகு வெயில் ஏறியதும் உள்ளே போங்கள். உச்சி வேளைதான் நல்லது. அண்ணாந்து பார்க்கும்போது தலையை அசைத்தால் மறைந்துவிடும் சின்னப் புள்ளி வெளிச்சம் பரவாயில்லை, அது அடுக்குகளின் இடுக்கில் சாய்வாகத் தெரிவது. எங்கே நின்று பார்த்தாலும் தெரியும் வெளிச்சம் ஓட்டை. எங்கேயாவது நீர்க்கறை இருந்தால் அதற்கு நேர் மேலே தேடாதீர்கள். தண்ணீர் கைமரத்தைப் பிடித்துக்கொண்டு கீழே ஓடி வந்துதான் சொட்டும், ஓட்டை இன்னும் மேலே இருக்கும்.

இனி கட்டுகள். ஒரு மர ஏணியைக் குடிலின் உள்ளே தூணில் சாத்தி, உயரம் நாலடிக்கு ஓரடி வீதம் அடியைத் தள்ளி வைத்து, கீழே ஒருவர் பிடித்துக்கொள்ள ஏறுங்கள். ஒவ்வொரு கைமரத்திலும் பெங்காவானைக் கட்டியிருக்கும் முடிச்சுகளை விரலால் பாருங்கள். ராஃபியா என்ற பிளாஸ்டிக் கயிறாக இருந்தால் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து முறுக்குங்கள். நல்ல கயிறு வழுக்கும். வெயிலில் கெட்ட கயிறு நார் நாராகப் பிரிந்து, விரலில் வெள்ளைத் தூளாக ஒட்டும். நிழலில் இருக்கும் நடுப்பகுதி முடிச்சுகள் உறுதியாக இருக்கும்போதே விளிம்பு முடிச்சுகள் இப்படிப் போயிருக்கும். நடுவை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தி அடைபவர்கள் ஏமாறுவது இங்கேதான். கம்பிக் கட்டாக இருந்தால் முறுக்கிய இடத்தைப் பாருங்கள். கடல்காற்றில் முதலில் துரு பிடிப்பது அங்கே. ரோத்தான் (பிரம்பு) கட்டாக இருந்தால் நகத்தால் அழுத்துங்கள், பள்ளம் விழுந்தால் மாற்ற வேண்டியதுதான்.

கட்டு நன்றாக இருந்து பெங்காவான் மட்டும் முறிந்திருப்பதும் உண்டு. டுரியான் மரத்தடி என்பதால் உங்களுக்கு இது முக்கியம். இரண்டு கிலோ காய் உயரத்திலிருந்து விழுந்தால் மேல் ஓலையில் முள் குத்திய தடம் லேசாகத்தான் தெரியும், அடியில் குச்சி இரண்டாகியிருக்கும். குச்சியைக் கையால் தடவிக்கொண்டே போங்கள், கணு போல் ஒரு மேடு தட்டுப்பட்டால் அதுதான் முறிவு.

அடுக்குகளுக்கு நடுவில் கையையும் விட்டுப் பாருங்கள். ஆனால் முதலில் ஒரு குச்சியால் தட்டிவிட்டுத்தான் விட வேண்டும், மழைக்குப் பாம்பும் தேளும் அங்கே ஒதுங்கும். குளவிக் கூடு தெரிந்தால் நீங்களே கலைக்க வேண்டாம், அவசர எண் 999க்கு அழையுங்கள். மேல் ஓலை நனைந்தும் அடி ஓலை காய்ந்தும் இருந்தால் கூரை சரியாக வேலை செய்கிறது. இரண்டு மூன்று நாள் வெயிலுக்குப் பிறகும் உள் அடுக்கு சில்லென்று இருந்தால் அந்த இடத்தைக் குறித்து வையுங்கள்.

தூண்களுக்குத் தூக்குநூல் விட்டுப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. சாய்ந்திருந்தால் கூரை வேலையைத் தள்ளி வைத்துவிட்டு அதைச் சரி செய்யுங்கள்.

கூரையில் கிளை குத்தி நின்றால் இழுக்காதீர்கள். இழுத்தால் நல்ல தட்டிகளும் சேர்ந்து வரும். அறுத்துத் துண்டு துண்டாக எடுங்கள். தற்காலிகமாகத் தார்ப்பாய் போடுவதானால் முகட்டுக்கு இருபுறமும் தொங்குமாறு போட்டு, கீழ் விளிம்பை மூங்கிலில் சுருட்டி, கயிற்றைத் தூணில் கட்டுங்கள். தட்டியிலோ கைமரத்தின் நுனியிலோ கட்டினால் அடுத்த காற்றில் தார்ப்பாய் கப்பல் பாய்போல் மாறி அதைப் பிய்த்துக்கொண்டு போகும். மழை விட்டதும் கழற்றிவிட வேண்டும். ஈர ஓலையை மூடி வைத்தால் புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

மாற்றும்போது மேல் வரிசைகளை ஒரு பலகையால் நெம்பித் தூக்கி, உள்ளிருந்து முடிச்சை அறுத்து, பழையதைக் கீழ்நோக்கி உருவி, புதியதை அதே வழியாகச் செருகிக் கட்ட வேண்டும். பல வரிசை போயிருந்தால் தாழ்வாரத்துப் பக்கமிருந்து மேலே வாருங்கள். எத்தனை தட்டி வாங்குவது என்ற கணக்கு எளிது. ஒன்றரை மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரத்துக்குச் சேதம் என்றால் 10 வரிசை. ஒன்றரை மீட்டர் தட்டி சேதமான இடத்தில் சரியாகப் பொருந்தாது, பக்கத்துத் தட்டியோடு 10 சென்டிமீட்டராவது ஏறி நிற்க வேண்டும், ஆகவே வரிசைக்கு இரண்டு. மொத்தம் 20. விளிம்பு முடிச்சுகளைப் புதுக் கயிற்றால் இரட்டையாகக் கட்டுங்கள். ஒரு சரிவில் மூன்றில் ஒரு பங்கு பெங்காவான் முறிந்திருந்தால் ஒட்டுப் போடுவதில் பயனில்லை என்பது என் கருத்து. அந்தச் சரிவை முழுதாகப் பிரித்து வேயுங்கள், மறு சரிவை விட்டுவிடலாம்.