மருத்துவமனையோடு சேராமல் தனியாக இயங்கும் பிரசவ மையத்தில் திடீர் சிக்கல் வந்தால் என்ன செய்வார்கள்?

அங்கே அறுவை அரங்கும் இல்லை, எபிடியூரலும் (முதுகில் போடும் வலிநீக்க ஊசி) இல்லை. அதனால்தான் எல்லோரையும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். இரட்டைக் கரு, உயர் ரத்த அழுத்தம், குழந்தையின் தலை கீழே திரும்பாதது என்றால் பொதுவாக மருத்துவமனைதான்.

வலி தொடங்கியபின் மிட்வைஃப் (பிரசவம் பார்க்கப் பயிற்சி பெற்றவர்) கூடவே இருப்பார். குழந்தையின் இதயத் துடிப்பை 15 நிமிடத்துக்கு ஒருமுறை, முக்கும் கட்டத்தில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பது வழக்கம். ரத்தப்போக்குக்கு ஆக்ஸிடோசின் ஊசியும், குழந்தைக்கு மூச்சூட்டும் பையும் தயாராக இருக்கும். அதற்கு மேல் என்றால் ஆம்புலன்ஸ்.

இது எவ்வளவு நடக்கும்? இங்கிலாந்தில் 2011இல் வெளியான பெரிய ஆய்வில், இத்தகைய மையங்களுக்குப் போனவர்களில் தலைப்பிரசவப் பெண்கள் சுமார் 36 சதவீதம் பேர் பிரசவத்தின்போதோ முடிந்தவுடனோ மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார்கள். ஏற்கெனவே பெற்றவர்களில் சுமார் 9 சதவீதம்தான். முதல் எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்: அடிக்கடி சொல்லப்பட்ட காரணம் உயிராபத்து அல்ல, பிரசவம் மெதுவாக நகர்ந்ததே. ஆபத்து குறைந்த கர்ப்பங்களில் குழந்தைக்கான பாதிப்பு மருத்துவமனையைவிடக் குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை, சிசேரியனும் குறைவு.

சேரும் முன் கேளுங்கள்: எந்த மருத்துவமனைக்கு மாற்றுவார்கள், போய்ச்சேர எத்தனை நிமிடம், மிட்வைஃபும் கூட வருவாரா? மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.