சினைக் குதிரையில் சவாரி: எதுவரை, எப்படி?

கால்நடை வைத்தியர் பதில்கள்

கேள்வி: திருகோணமலையின் நிலாவெளிக் கடற்கரையில் சுற்றுலாப் பயணிகளுக்குச் சவாரி கொடுத்துப் பிழைப்பவன் நான். என்னுடைய பெண் குதிரைக்கு ஒன்பது வயது, எடை ஏறக்குறைய 350 கிலோ. கடந்த நவம்பர் நடுப்பகுதியில் ஆண் குதிரையுடன் சேர்த்தோம். சினை உறுதி என்று வைத்தியர் பார்த்துச் சொல்லிவிட்டார். இப்போது ஆறு மாதம். சினைப்பட்டதை லாயத்தை விட்டே இறக்கக் கூடாது என்கிறார் என் பெரியப்பா. குட்டி போடும் நாள் வரை ஓட்டலாம் என்கிறார் பக்கத்துக் குதிரைக்காரர். நான் யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவர் சொல்வதையும் கேட்க வேண்டாம். இருவரிலும் உங்கள் பெரியப்பாவின் பிழை அக்கறையால் வந்தது என்பதால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நாள்தோறும் வேலை செய்து பழகிய குதிரையைத் திடீரென்று கட்டிப்போட்டால் அதன் கால்கள் வீங்கும், குடல் அசைவு குறைந்து வயிற்றுவலி வரும், தசை தளர்ந்துபோய்க் குட்டி போடும் வேளையில் அது சிரமப்படும். பழகிய அளவிலான அசைவு சினைக்குக் கேடு செய்வதில்லை. கேடு செய்வது பழகாத வேலை, மிதமிஞ்சிய பாரம், இவை இரண்டையும் விட, நமது ஊரில், வெயில்.

குதிரையின் சினைக்காலம் சராசரியாக 340 நாட்கள். 320 முதல் 365 நாட்கள் வரை எந்த நாளில் போட்டாலும் அதை வழமை என்றே கொள்வோம். ஆகவே உங்கள் குதிரை ஒக்டோபர் 20ஐ ஒட்டிப் போடும், ஆனால் ஒக்டோபர் தொடக்கத்திலேயே ஆயத்தமாக இருங்கள். குட்டியின் வளர்ச்சியில் பெரும்பகுதி கடைசி மூன்று மாதங்களில்தான் நிகழ்கிறது. பிறக்கும்போது அது தாயின் எடையில் பத்தில் ஒரு பங்களவு, அதாவது 35 கிலோ அளவில் இருக்கும். பனிக்குட நீரும் நச்சுக்கொடியும் அதற்கு மேலதிகம். இந்தப் பாரம் முன்னே நெஞ்சறையை அழுத்துவதால் மூச்சு முழுதாக இழுக்க இடம் குறைகிறது, வயிறு கீழே இறங்கி நடையின் சமநிலை மாறுகிறது, சேணப்பட்டியும் பழைய இடத்தில் பொருந்தாமற் போகிறது. ஆறாம் மாதத்தில் இவை எதுவும் வெளியே தெரியாது என்பதால்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

என் தீர்ப்பு இது. யூன் முடியும் வரை சவாரி கொடுக்கலாம், அதற்குப் பின்னர் முதுகில் ஆளை ஏற்ற வேண்டாம். யூலை நடுப்பகுதியில் எட்டு மாதம் நிறைந்துவிடும், குளிரான நாடுகளிலேயே அநேகர் சவாரியை நிறுத்தும் கட்டம் அது. இங்கே அதற்கும் இரண்டு வாரம் முந்தி நிறுத்தச் சொல்வதற்குக் காரணம் கச்சான் காற்று. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மலைநாட்டில் கொட்டிவிட்டு, வறண்டு சூடேறி நம் பக்கம் இறங்கும் மாதங்கள் அவை. சினைக் குட்டியின் உடற்சூடு தாயின் இரத்தத்தின் வழியாகவே வெளியேற வேண்டும் என்பதால், தாயே தன் சூட்டை இறக்க முடியாமல் நிற்கும்போது குட்டியின் சூட்டுக்குப் போக்கிடம் இல்லை. யூலையும் ஓகஸ்ட்டும் உங்களுக்கு வருமானம் மிகுந்த மாதங்கள் என்பதை அறிந்தே இதைச் சொல்கிறேன்.

அதுவரை நடைதான் வேலை. இடையிடையே சில நிமிட மெதுவோட்டம் போதும், பாய்ச்சல் வேண்டாம். இந்தக் குதிரையின் வழமையான பொதிவரம்பு அதன் எடையில் ஐந்தில் ஒன்று, அதாவது சேணத்தோடு 70 கிலோ. சினைக்காலத்தில் அதை 50 கிலோ அளவில் நிறுத்துங்கள், அப்படிப் பார்த்தால் சிறுவர்களும் மெலிந்தவர்களும் மட்டுமே ஏறலாம். பருத்த பயணி ஒருவர் இரட்டிப்புக் கூலி தருகிறேன் என்று நிற்கும் காலைப் பொழுதில்தான் இந்த விதியின் பெறுமதி உங்களுக்குத் தெரியவரும். சவாரியை விடியற்காலை ஐந்தரைக்குத் தொடங்கி ஏழரைக்குள் முடித்துவிடுங்கள். கடற்கரையில் மாலைக் காற்று நமக்கு இதமாக இருந்தாலும், ஈரப்பதன் மிகுந்த வேளையில் குதிரையின் வியர்வை உலராது, உலராத வியர்வை உடலைக் குளிர்விக்காது. அலை வந்து நனைத்துப் போன இறுகிய மணலில் நடத்துங்கள். கால் புதையும் மேட்டு மணல் தசைநார்களை இழுத்துவிடும், வயிற்றுப் பாரம் கூடக்கூட இழுவையும் கூடும்.

வேலை அளவோடு இருந்ததா என்பதைக் குதிரையின் நாடியே சொல்லும். தாடை எலும்பின் உட்புறத்தில் விரலை வைத்தால் நாடி தட்டுப்படும். ஓய்வில் அது நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்க வேண்டும், உடற்சூடு 37.5 முதல் 38.5 பாகை வரை. வேலை முடிந்து பத்துப் பதினைந்து நிமிடத்தில் நாடி 60க்குக் கீழே இறங்கவில்லை என்றால் அன்றைய வேலை அதிகம், மறுநாள் பாதியாகக் குறையுங்கள். சூடேறி நிற்கும் குதிரைக்குக் குளிர்ந்த நீர் ஊற்றினால் விறைத்துவிடும் என்ற பயம் நம்மவர்களிடம் இன்னமும் இருக்கிறது. அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை. கிணற்று நீரை உடல் முழுவதும் வாளி வாளியாக ஊற்றுங்கள், குடிக்கவும் விடுங்கள். கடலில் இறக்கிக் கழுவினால் உப்புத் தோலில் படிந்து சேணப்பட்டியின் கீழ் புண்ணாகும், ஆகவே அதன் பின்னரும் நன்னீர் தேவை.

யூலையிலிருந்து குட்டி போடும் நாள் வரை, காலையும் மாலையும் அரை மணி நேரம் கையில் பிடித்து நடத்துங்கள். வேலி போட்ட நிழலான காணி இருந்தால் பகலில் அதில் அவிழ்த்துவிடுவது அதனிலும் நல்லது. நீண்ட கயிற்றில் கட்டிச் சிறு வட்டமாகச் சுற்ற விடுவதை மட்டும் இந்த மாதங்களில் தவிர்த்துவிடுங்கள். கடைசி வாரங்களில் வயிற்றின் அடிப்பக்கம் தட்டையாக வீங்கினால் பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்லை, நடந்தால் அது வற்றும். ஆனால் ஓகஸ்ட்டிலோ செப்டெம்பரிலோ மடி முன்கூட்டியே சுரந்து பால் கசிந்தாலும், பின்புறத்தில் சீழோ இரத்தமோ கண்டாலும் நடையையும் நிறுத்திவிட்டு அன்றே கால்நடை வைத்தியரை அழையுங்கள். நச்சுக்கொடியில் தொற்று ஏற்பட்டிருப்பதன் அறிகுறி அது. வைத்தியர் வந்து பார்த்தால் பல வேளைகளில் சினையைக் காப்பாற்றலாம்.

கேள்வி: எங்கள் குதிரையைச் சேர்த்து மூன்று வாரம் ஆகிறது. முதல் மாதங்களில் முழு ஓய்வு கொடுக்க வேண்டுமா? – உப்புவெளி வாசகி

பதில்: முழு ஓய்வு தேவையில்லை, ஆனால் வெயிலைப் பற்றி மேலே சொன்னது உங்களுக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். கரு ஏறக்குறைய பதினாறாம் நாள் வரை கருப்பைக்குள் அங்குமிங்கும் நகர்ந்துகொண்டே இருக்கும், அதன் பிறகே ஓரிடத்தில் நிலைகொள்ளும். சினை கலைவது பெரும்பாலும் முதல் நாற்பது நாட்களுக்குள். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கருப்பையிலிருந்து கருவை வெளியே எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், சூடும் ஈரப்பதனும் மிகுந்த காலத்தில் நாளுக்கு அரை மணி நேரம் வேலை வாங்கப்பட்ட குதிரைகளிடமிருந்து, ஓய்வில் இருந்தவற்றை விடக் குறைவாகவே கருக்கள் கிடைத்தன. டெக்சாஸின் கோடையும் திருகோணமலையின் கோடையும் அதிகம் வேறுபட்டவை அல்ல. ஆகவே பழகிய நடையை விடியற்காலையில் தொடருங்கள். புதிய பயிற்சி, பந்தயம், லொறியில் ஏற்றி நெடுந்தூரம் கொண்டுபோவது ஆகியவற்றை இரண்டு மாதம் தள்ளிவையுங்கள்.

இன்னொன்று. பதினான்காம் நாளுக்கும் பதினாறாம் நாளுக்கும் இடையில் ஸ்கான் செய்திருந்தால் இரட்டைக் கரு இருக்கிறதா என்று அப்போதே தெரிந்திருக்கும். குதிரையால் இரட்டைக் குட்டிகளை நிறைமாதம் வரை சுமப்பது மிக அரிது. செய்யவில்லை என்றால் இந்த வாரமே செய்யுங்கள். பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவ பீடத்தின் போதனா வைத்தியசாலையை உங்கள் வைத்தியர் மூலம் முதலில் தொடர்புகொண்டு, குதிரையைப் பயணப்படுத்துவது அவசியமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஏழு மாதச் சினை. ஒருநாள் முன்னங்காலையும் மறுநாள் பின்னங்காலையும் நொண்டுகிறது. நடத்தினால் சரியாகுமா? தவிடும் வெட்டிய கினியாப் புல்லும் தாராளமாகப் போடுகிறோம். – தம்பலகாமம் வாசகர்

பதில்: நடத்த வேண்டாம். நோயின் காரணம் உங்கள் கடைசி வாக்கியத்திலேயே இருக்கக்கூடும். அரிசித் தவிட்டில் பொசுபரசு கல்சியத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். கினியாப் புல்லில் உள்ள ஒட்சலேற்று, இருக்கும் கொஞ்சக் கல்சியத்தையும் உடலில் சேர விடாது. அதே வேளையில் வயிற்றுக்குள் ஒரு குட்டி எலும்பு கட்டிக்கொண்டிருக்கிறது. தாய் தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது, அதனால் கால் மாறிக் கால் நொண்டுகிறது, நாளடைவில் முகவெலும்பும் புடைக்கும். நெல் விளையும் ஊரில் தவிடு மலிவு என்பதால் இதை உங்கள் பக்கத்தில் மறுபடி மறுபடி காண்கிறேன். தவிட்டை நிறுத்தி, பலவகைப் புல்லைக் கலந்து, பூசணம் பிடிக்காத கச்சான் கொடி கிடைத்தால் சேருங்கள் (காற்றை அல்ல, கடலையைச் சொல்கிறேன்). சுண்ணக்கல் தூளின் அளவை வைத்தியர் எடை பார்த்துச் சொல்வார். நொண்டல் முற்றாக நின்று இரண்டு வாரம் ஆன பிறகே நடை, சவாரியை இந்தச் சினைக்கு மறந்துவிடுங்கள்.

கேள்வி: குட்டி போட்ட பிறகு எப்போது மீண்டும் சவாரி கொடுக்கலாம்? – மீண்டும் நிலாவெளி வாசகர்

பதில்: முதல் மாதம் தாயும் குட்டியும் காணியில் தாமாக நடப்பதே போதும். ஆறு முதல் எட்டு வாரத்தில் மெதுவான சவாரியைத் தொடங்கலாம். ஆனால் உங்கள் குதிரை அப்போது நாளொன்றுக்குப் பத்து லீற்றர் அளவில் பால் சுரந்துகொண்டிருக்கும், குட்டியும் மணிக்குப் பலமுறை குடிக்கும், ஆகவே அரை மணி நேரத்துக்கு மேல் பிரிக்க வேண்டாம். குட்டியைத் தாயின் பின்னால் மணலில் ஓட விட்டுப் பயணிகளுக்குக் காட்சி காட்டுவதும் வேண்டாம், அதன் மூட்டுகள் அதற்கு ஆயத்தமானவை அல்ல. நல்ல வேளையாக உங்கள் நாட்கணக்கு பொருந்தி வருகிறது. ஒக்டோபரில் போட்டால் வாடைக்கால மழையில் எப்படியும் பயணிகள் இல்லை, ஏப்ரலில் கடல் அடங்கி அவர்கள் திரும்பும்போது குட்டிக்கு ஆறு மாதமாகிப் பால் மறக்கடித்திருப்பீர்கள். மார்ச் தொடக்கத்திலிருந்து ஆள் ஏற்றாமல் இரண்டு வாரம், பின் மெலிந்த ஒருவரை ஏற்றி இரண்டு வாரம் நடத்திப் பழக்குங்கள். வயிற்றின் வடிவம் மாறியிருக்கும் என்பதால், முதல் நாளே பழைய சேணம் முதுகில் சரியாக அமர்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.