கால் ஆணி மருந்தைத் தடவலாமா?

கேள்வி: வயது 27. மூன்று மாதத்தில் கல்யாணம். பத்து நாளுக்கு முன் குளிக்கும்போது ஆணுறுப்பின் அடிப்பக்கத்தில் சின்னதாக ஒரு கட்டி தட்டுப்பட்டது. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. போன வருஷம் ஒரு பெண்ணோடு பழகினேன், சில தடவை ஆணுறை போடவில்லை. வெட்கமாக இருக்கிறது. பார்மசியில் கால் ஆணிக்குப் போடும் மருந்து வாங்கி வைத்திருக்கிறேன். தடவலாமா?
– பெயர் வேண்டாம், செந்தூல்

பதில்: தம்பி, அந்தப் புட்டியைத் திறக்காதீர்கள். கால் ஆணி மருந்தில் பெரும்பாலும் இருப்பது சாலிசிலிக் அமிலம். பாதத்தின் தடித்த தோலை உரிப்பதற்கானது அது. ஆணுறுப்பின் மெல்லிய தோல் வெந்து புண்ணாகிவிடும். அப்புறம் எந்த டாக்டர் பார்த்தாலும் முதலில் அங்கே என்ன இருந்தது என்று சொல்வது கஷ்டம். கிள்ளவும் வேண்டாம். வீட்டில் கிடக்கும் ஸ்டீராய்டு கிரீமும் வேண்டாம்.

நல்ல வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். நடுவில் முடி தெரிந்தால், மழித்த பிறகு வேர்க்காலில் வந்த பருவாக இருக்கலாம். ரவை தூவியதுபோல் வெளிர்மஞ்சளாக, ஒன்றிரண்டு மில்லிமீட்டரில் பல இருந்தால் அவை எண்ணெய்ச் சுரப்பிகள். மொட்டின் விளிம்பைச் சுற்றி முத்துக் கோத்ததுபோல் வரிசையாக இருப்பதும் இயற்கை. இவை எதுவும் பால்வினைத் தொற்று அல்ல, பெரும்பாலும் மருந்தும் தேவையில்லை.

உச்சியில் தொப்புள்போல் குழிந்திருந்தால் மொலஸ்கம் என்ற வைரஸ் தொற்றாக இருக்கலாம். காலிஃபிளவர்போல் சொரசொரப்பாக வளர்ந்தால் பால்வினை மரு. எச்.பி.வி. வைரஸின் 6, 11 வகைகளே பெரும்பாலும் இதற்குக் காரணம். தொற்றிப் பல மாதம் கழித்தும் தலைகாட்டும் என்பதால், போன வருஷப் பழக்கத்தை டாக்டரிடம் மறைக்காதீர்கள். நீர் கோத்த கொப்புளங்கள் கொத்தாக வந்து எரிந்தால் ஹெர்பிஸ் என்ற வைரஸ் தொற்றாக இருக்கலாம்.

'வலிக்கவில்லையே' என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். சிபிலிஸ் என்ற பால்வினை நோயின் முதல் புண்ணுக்குப் பெரும்பாலும் வலியே இருக்காது. தொற்றிச் சுமார் மூன்று வாரத்தில், சிலருக்கு 90 நாள்வரை கழித்து, அடி கெட்டியான புண்ணாக வரும். மருந்தே போடாவிட்டாலும் சில வாரத்தில் ஆறிவிடும், கிருமியோ உள்ளேயே இருக்கும். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கட்டி எதுவாக இருந்தாலும் சிபிலிஸ், எச்.ஐ.வி. இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். கடைசி உறவுக்கு மூன்று மாதம் தாண்டியிருந்தால் முடிவை நம்பலாம்.

பக்கத்து அரசாங்க கிளினிக்குக்கு ஐ.சி.யோடு (அடையாள அட்டை) போங்கள். குடிமக்களுக்கு 1 ரிங்கிட்தான். கவுண்டரில் 'மசாலா கூலிட்' (மலாயில் தோல் பிரச்சினை) என்று சொன்னால் போதும், மற்றதை அறைக்குள் சொல்லிக்கொள்ளலாம். ஆண் டாக்டர் வேண்டுமென்றால் கேளுங்கள். போகுமுன் மழிக்காதீர்கள். எப்போது கவனித்தீர்கள், வளர்கிறதா, ஆணுறையில்லாத கடைசி உறவு எப்போது, எதையாவது தடவினீர்களா என்ற நான்கையும் போனில் குறித்துக்கொண்டு போங்கள். தேவைப்பட்டால் அங்கிருந்தே தோல் நிபுணருக்குக் கடிதம் தருவார்கள்.

புண்ணாகி ரத்தம் கசிந்தாலோ, சிறுநீர் எரிந்தாலோ, தொடை இடுக்கில் நெறி கட்டினாலோ அன்றைக்கே போய்விடுங்கள்.

மரு என்றால் திரவ நைட்ரஜனால் உறையவைப்பார்கள். ஒரே தடவையில் போகாது, ஒன்றிரண்டு வார இடைவெளியில் பலமுறை போகவேண்டி வரும். முதல் மூன்று மாதத்தில் திரும்பவும் முளைக்கலாம். ஆணுறை மூடாத இடத்திலும் அது தொற்றும் என்பதால் கட்டிக்கொள்ளப்போகும் பெண்ணிடமும் சொல்லத்தான் வேண்டும். கல்யாணத்துக்கு மூன்று மாதம்தான் இருக்கிறது, இந்த வாரமே போய்க் காட்டுங்கள்.