நரம்பு வந்து சேரும்வரை

பதில் தருபவர்: கிருஷ்ணகிரியில் கைக்காயங்களுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்

கேள்வி: மாங்கூழ் ஃபேக்டரியில் காய் வெட்டும்போது கத்தி நழுவி, இடது மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கம் ஆழமாக வெட்டுப்பட்டது. நரம்பைத் தைத்து மூன்று மாதம் ஆகிறது. சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்தே கிடக்கின்றன, கொக்கி மாதிரி வளைந்துகொள்கின்றன. போன வாரம் தோசைக்கல்லில் பட்டுக் கொப்புளம் கண்ட பிறகுதான் சுட்டதே தெரிந்தது. தையல் பிரிந்துவிட்டதா? மாமியார் தைலம் போட்டு விரலை இழுத்துவிடச் சொல்கிறார். அடுத்த சீசனுக்கு வேலைக்குப் போகலாமா?
- வாசகி, போச்சம்பள்ளி

பதில்: பிரிந்துவிட்டது என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள் அம்மா. உங்களுக்கு வெட்டுப்பட்டது அல்நார் நரம்பு, சுண்டுவிரல் பக்கமாகக் கைக்குள் ஓடுவது. வெட்டுக்குக் கீழே இருந்த இழைகள் அழிந்துபோய், மேலிருந்து புது இழை முளைத்து வர வேண்டும். முதல் மூன்று, நான்கு வாரம் பெரிதாக ஒன்றும் நகராது. அப்புறம் நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான். மணிக்கட்டிலிருந்து சுண்டுவிரல் நுனிக்கு 15 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும். கணக்குப் போட்டால் ஆறேழு மாதம் வருகிறது. இன்றைக்கு அது உங்கள் உள்ளங்கையில் வந்துகொண்டிருக்க வேண்டும்.

வருகிறதா என்பதை நீங்களே பார்க்கலாம். விரல் நுனியிலிருந்து மணிக்கட்டை நோக்கி, நரம்பு ஓடும் வழியில் மெதுவாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் சுண்டுவிரலுக்குள் சுருக்கென்று கரண்ட் ஓடும். அங்கே பேனாவால் புள்ளி வைத்து, தழும்பிலிருந்து அளந்து காலண்டரில் எழுதுங்கள். மாதம் ஒருமுறை போதும். புள்ளி நகர்ந்தால் நரம்பும் நகர்கிறது. இரண்டு, மூன்று மாதமாக அதே இடத்தில் நின்றால், தைத்த டாக்டரிடம் தாமதிக்காமல் போங்கள்.

எங்களிடம் வந்தால் கண்ணை மூடச் சொல்லி, நைலான் இழைகளால் விரலைத் தொட்டுப் பார்ப்போம். 0.07 கிராம் அழுத்தத்திலேயே வளையும் பச்சை இழை தெரிந்தால் தொடுவுணர்வு சரி. தடித்த சிவப்பு இழை மட்டுமே தெரிகிறதென்றால் சூடு, வெட்டு எதற்கும் அந்த விரல் எச்சரிக்காது. அப்புறம் ஒரு துண்டுப் பேப்பரைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடிக்கச் சொல்லி உருவுவோம். கட்டைவிரல் நுனி மடங்கித்தான் பிடிக்கிறதென்றால் அல்நார் நரம்பு இயக்கும் தசை இன்னும் எழுந்திருக்கவில்லை.

நரம்பு ஊர்ந்து வரட்டும். அதற்குள் மூட்டு இறுகிப்போனால் வந்து என்ன பயன்? விரலின் அடிமூட்டு பின்னால் சாய்வதால்தான் நடுமூட்டு வளைகிறது. அடிமூட்டைச் சற்று மடக்கி நிறுத்தும் ஒரு சின்ன ஸ்பிளின்ட் போட்டால், நடுமூட்டு தானே நிமிரும். வெந்நீரில் இளகும் பிளாஸ்டிக்கில் உங்கள் கை அளவுக்கே செய்வோம். அதைப் போட்டுக்கொண்டே வீட்டு வேலை செய்யலாம்.

மாமியாரிடம் சண்டை வேண்டாம், பாதி அவர் பக்கம் நியாயம். நரம்பில்லாத தோலுக்கு வியர்க்காது, காய்ந்து வெடிக்கும். தினமும் கால் மணி நேரம் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, ஈரத்தோடு தேங்காய் எண்ணெய் தடவுங்கள். சூட்டை வலது கையால் பார்த்த பிறகே இடது கையை விட வேண்டும். வெடுக்கென்று இழுப்பது மட்டும் கூடாது. அடுப்புப் பக்கத்தில் கைப்பிடித் துணியோடு இடுக்கியும் வைத்துக்கொள்ளுங்கள்.

விரலில் தொடுவுணர்வு திரும்பியதும் அடுத்த வேலை. தட்டில் கேழ்வரகைக் கொட்டி, புளியங்கொட்டை, சட்டைப் பொத்தான், ஒரு ரூபாய் நாணயம் புதைத்து, கண்ணை மூடித் துழாவுங்கள். தப்பாகச் சொன்னால் கண் திறந்து பார்த்துத் தொட்டு, மறுபடி மூடித் தொடுங்கள். முதலில் எல்லாமே ஒன்றுபோலத்தான் இருக்கும். குழப்பமான சேதி மூளைக்குப் பழக நாளாகும்.

அடுத்த சீசன்? வேலைக்குப் போகலாம், ஆனால் கத்தி வேண்டாம். பெங்களூரா மாங்காயை வழுக்காமல் அழுத்திப் பிடிக்க அந்த இரண்டு விரலும் வேண்டும். காய் தரம் பிரிக்கும் வேலை கேளுங்கள். நரம்பு வராமலே போனாலும் வழியுண்டு. 1940களின் இறுதியில் வேலூரில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் வளைந்த கைகளுக்குத் தசைநாண் மாற்று அறுவை, அதாவது வேலை செய்யும் தசையின் நாணை மாற்றிக் கட்டும் அறுவை, செய்யத் தொடங்கினார். அதே வகை அறுவை வெட்டுக்காயக் கைக்கும் பொருந்தும்.

கேள்வி: காயமே இல்லை. ஆனால் சுண்டுவிரல் அடிக்கடி மரத்துப்போகிறது. சத்து மாத்திரை போடலாமா?
- வாசகர், பென்னாகரம்

பதில்: மாத்திரைக்கு முன் உடம்பில் வெளிறிய, உணர்ச்சியற்ற தேமல் எங்காவது உண்டா என்று பாருங்கள், முதுகையும் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் அது தொழுநோயாக இருக்கலாம், நேராக ஆரம்ப சுகாதார நிலையம் போங்கள். அதற்கு அங்கே கூட்டு மருந்து இலவசம், ஆறு மாதம் அல்லது ஒரு வருடம். தேமல் இல்லையென்றால் முழங்கையை மடக்கிக் காதில் போன் வைத்துப் பேசும் பழக்கத்தைத்தான் முதலில் சந்தேகப்படுவேன்; சுண்டுவிரலுக்கு வரும் அல்நார் நரம்பு முழங்கை வழியாகத்தான் ஓடுகிறது, மடக்கியே வைத்தால் இழுபடும். ஹெட்போன் வாங்குங்கள். இரவில் முழங்கை மடங்காமலிருக்கத் துண்டைச் சுற்றிக்கொண்டு படுங்கள். சில வாரத்தில் குறையாவிட்டாலோ, பிடி தளர்ந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.